கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை: நிலம் பார்ப்பதிலிருந்து அறுவடை வரை

ஒயினுக்குப் பேர்போன திராட்சை நாடுகள் பெரும்பாலும் பூமத்திய ரேகையிலிருந்து 30 முதல் 50 டிகிரி தள்ளி இருக்கின்றன. அங்கே குளிர் வந்ததும் கொடி இலையை உதிர்த்துத் தூங்கிவிடும். வசந்தத்தில் துளிர்த்து, இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு வெள்ளாமை கொடுக்கும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு 10 டிகிரிக்கும் உள்ளே கிடக்கிறது. கொடியைத் தூங்க வைக்கும் குளிர் இங்கே வருவதில்லை. வெட்டினால்தான் துளிர், துளிர்த்தால்தான் பூ. எந்த மாதம் பூக்க வேண்டும், எந்த மாதம் பழுக்க வேண்டும் என்பதைக் கொடியை வெட்டும் கவாத்துக் கத்தரி வைத்திருப்பவரே முடிவு செய்கிறார். இந்தப் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது இதனால்தான். புதிதாகத் தோட்டம் போடுபவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியதும் இதைத்தான்.

இடம்

மேற்கே குமுளியை ஒட்டிய ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை. நடுவில் லோயர்கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வடகிழக்காக இறங்கும் பள்ளத்தாக்கு. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்த பிறகு, ஆற்றோரத் தாழ்நிலங்கள் நெல்லுக்குப் போயின. 14,707 ஏக்கர் இருபோக நெல் என்று இன்றும் சொல்வது அந்த நிலங்களைத்தான். திராட்சை அங்கே இல்லை. வாய்க்கால் மட்டத்துக்கு மேலே, மலையடிவாரத்தை நோக்கி ஏறும் செம்மண் சரிவுகளில் இருக்கிறது: சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர். விதையில்லாத் திராட்சைக்கு ஓடைப்பட்டிப் பக்கம் பெயர் பெற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் ஆனைமலையன்பட்டியில்தான் இருக்கிறது.

தமிழகத்துக்குத் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இங்கே 'பன்னீர்' என்று விற்கும் கறுப்புத் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியாவையும் பிளாக் ஹாம்பர்க் என்ற கறுப்பு ரகத்தையும் கலந்து பிறந்தது. வாசனை முதல் ரகத்திடமிருந்தும் நிறம் இரண்டாவதிடமிருந்தும் வந்தவை. அப்படியே சாப்பிடவும், சாறு பிழியவும், ஒயினுக்கும் இது ஏற்றது. 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடு பெற்றது.

நிலம் தேர்வு

மண் செம்மண்ணாக, தண்ணீர் தேங்காததாக இருக்க வேண்டும். ஓர் எளிய சோதனை உண்டு. முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி விடுங்கள். அது வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடம் நெல்லுக்கு நல்லது, திராட்சைக்கு ஆகாது. காற்றில்லாத மண்ணில் கொடியின் வேர் அழுகும். இலை மஞ்சளாவதைக் கண்டு உரம் கூட்டுவார்கள், கொடி இன்னும் மோசமாகும். கிணறு அல்லது ஆழ்குழாய்த் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். உப்பு அதிகமானால் இலை ஓரம் கருகும். அப்படிப்பட்ட இடத்தில் சொந்த வேரில் வளர்ந்த நாற்றை நடாமல், டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியதை நடுவது பாதுகாப்பு.

நடவும் பந்தலும்

ஜூன், ஜூலை நடவுக்கு ஏற்ற மாதங்கள். பன்னீருக்குத் தனித்தனிக் குழியைவிட வாய்க்கால் போல நீளமான அகழி நல்லது: 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம். மேல் மண்ணைத் தனியாக ஒதுக்கி, மக்கிய தொழு உரத்தோடு கலந்து அகழியை நிரப்பி, தண்ணீர் விட்டு மண் அமர்ந்த பிறகு நடுங்கள். மக்காத சாணம் போட்டால் கரையானும் சூடும் வேரைக் கெடுக்கும். வரிசைக்கு வரிசை 3 மீட்டர், கொடிக்குக் கொடி 2 மீட்டர். ஏக்கருக்கு ஏறக்குறைய 670 கொடி வரும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை.

நாற்று எடுக்கும் குச்சி பென்சில் தடிமனில், பழுப்பேறி முதிர்ந்ததாக, நான்கு கணுவோடு இருக்கட்டும். நன்றாகக் காய்த்த கொடியைக் காய் இருக்கும்போதே அடையாளம் கட்டி வைத்துவிட்டு, கவாத்தின்போது அதிலிருந்து எடுப்பது நல்ல வழக்கம். காயில்லாத நாளில் எல்லாக் கொடியும் ஒன்றுபோலவே தெரியும்.

பந்தலின் உயரம் 2 மீட்டர். கல்தூண் நட்டு, ஓரத் தூண்களை வெளிப்பக்கம் இழுகம்பியால் கட்டி, மேலே கம்பி பின்ன வேண்டும். ஓரத் தூணில் செலவைக் குறைத்தால் முதல் நல்ல வெள்ளாமையின் பாரத்திலேயே பந்தல் தொய்யும். காய் தொங்கும்போது அதை நிமிர்த்த வழியில்லை. கொடியைப் பந்தல் வரை ஒரே தண்டாக ஏற்றுங்கள். பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, எதிரெதிர்த் திசையில் இரண்டு கிளை விடுங்கள். அவற்றிலிருந்து இரண்டாம், மூன்றாம் கிளைகளை இதேபோல் கிள்ளிக் கிள்ளிப் பரப்பிப் பந்தலை நிரப்புங்கள். அவசரப்பட்டு நீளமாக ஓடவிட்டால் நடுப்பந்தல் மொட்டையாகி, நுனியில் மட்டும் காய்க்கும்.

கவாத்து

பன்னீரில் முதிர்ந்த குச்சியை நான்கு கணு விட்டு வெட்ட வேண்டும். மெலிந்ததையும் பச்சையாக இருப்பதையும் ஒன்று அல்லது இரண்டு கணுவில் வெட்டுங்கள். அவை இந்தப் போகத்துக்குக் காய் தராது, அடுத்த போகத்துக்குக் குச்சி தரும். இந்த எண்ணிக்கை ரகத்துக்கு ரகம் மாறும்: அனாப்-இ-ஷாஹிக்கு இரண்டு கணு, தாம்சன் விதையில்லா ரகத்துக்கு ஐந்து. எந்தக் கணுவின் மொட்டுக்குள் பூங்கொத்து உருவாகிறது என்பது ரகத்தின் குணம். பக்கத்துத் தோட்டத்தில் வேறு ரகம் இருந்தால் அவர்கள் வெட்டைப் பார்த்து வெட்டாதீர்கள்.

அடுத்த போகத்தின் பூங்கொத்து, இந்தப் போகத்தின் தளிர் வளரும்போதே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது. அந்த நாட்களில் குச்சியின் அடிக்கணுவில் வெயில் படவில்லை என்றால் அந்த மொட்டு வெறும் இலையாகத்தான் வெடிக்கும். 'போன தடவை நல்லா காய்ச்சது, இந்தத் தடவை கொடி மட்டும்தான் வருது' என்ற புலம்பலுக்கு அடர்ந்த பந்தலே பெரும்பாலும் காரணம். ஆகவே தளிரை 12 முதல் 15 கணுவில் கிள்ளுங்கள், பிடித்து ஏறக் கொடி விடும் சுருள் இழைகளான பற்றுக்கம்பிகளை அகற்றுங்கள். நண்பகலில் பந்தலுக்கு அடியில் நின்று தரையைப் பாருங்கள். ஆங்காங்கே வெயில் சிதறி விழுந்திருந்தால் சரி. முழு நிழலாக இருந்தால் குச்சிகள் அதிகம்.

கவாத்துக்கு 10 முதல் 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். குச்சி இறுகும், துளிர்ப்பு ஒரே சீராக வரும். வெட்டிய கையோடு தண்டில் உரிந்து நிற்கும் பட்டையைத் தேய்த்து எடுத்து எரித்துவிடுங்கள். மொட்டு உப்பும்போது அதைக் குடையும் சிறு வண்டின் முட்டையும் மாவுப்பூச்சியும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

எந்த மாதம் வெட்டுவது

வெட்டியதிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 120 நாளில் பழம். பூ வருவது 40 நாள் வாக்கில். பூக்கும் நாட்களிலும் பழுக்கும் நாட்களிலும் மழை இருக்கக் கூடாது. இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதத்தில் அறுவடை. வறண்ட வெயிலில் பழுப்பதால் நிறமும் இனிப்பும் இதில்தான் சிறக்கும், நோயும் குறைவு. மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. தென்மேற்குப் பருவச் சாரலில் பூக்கும் என்பதால் மருந்தடிப்பு கூடும், ஆனால் மகாராஷ்டிரப் பழம் சந்தையில் இல்லாத காலம். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வெட்டினால் அக்டோபர், நவம்பர் அடைமழை பூவிலும் பிஞ்சிலும் விழும். விலையை நம்பி இதில் இறங்குபவர்கள் உண்டு. புதியவர் முதல் இரண்டு வருடம் இதைத் தொடாமல் இருப்பதே என் பரிந்துரை. பெரிய தோட்டமாக இருந்தால் மொத்தத்தையும் ஒரே வாரத்தில் வெட்டாமல் இரண்டு மூன்று பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மழை எல்லாவற்றையும் கொண்டுபோகாது.

போர்டோக் கலவை

ஈரத்தில் வரும் அடிச்சாம்பல் நோய்தான் இங்கே முதல் எதிரி. இலையின் மேல்புறம் எண்ணெய் பட்டது போல மஞ்சள் திட்டு, அதே இடத்தில் அடிப்புறம் வெள்ளைப் பூசணம். 1880களில் பிரான்சின் போர்டோ வட்டாரத் திராட்சைத் தோட்டங்களை இதே நோய் அழித்தபோது, மில்லார்டே என்ற தாவரவியலாளர் ஆராய்ந்து வெளியிட்ட மருந்தான போர்டோக் கலவை இன்றும் கை கொடுக்கிறது.

நூறு லிட்டர் கலவைக்கு (1 சதவீதம்) ஒரு கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஒரு கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, இன்னொரு 50 லிட்டரில் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் திரிந்து தெளிப்பான் அடைக்கும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் தாமிரம் மிச்சம் இருக்கிறது, இலை கருகும். நிறம் படியாத வரை சுண்ணாம்புத் தெளிவைச் சேருங்கள். அன்றே அடித்து முடித்துவிட வேண்டும், மறுநாள் அது பயன்படாது. இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். நோய் வருவதற்கு முன் அடிப்பதே பலன் தரும். பழம் நிறமேறத் தொடங்கினால் நிறுத்துங்கள், நீலக் கறை போகாது.

உலர்ந்த, நிழலான நாட்களில் மாவு தூவியது போல வருவது சாம்பல் நோய். அதற்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 3 கிராம். கடும் வெயிலில் கந்தகம் அடித்தால் இலையும் பிஞ்சும் வெந்துவிடும். மாலையில் அடியுங்கள். மாவுப்பூச்சிக்கு கிரிப்டோலீமஸ் பொறிவண்டைக் கொடிக்கு 10 என்று விடலாம். விட்ட பிறகு பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

பிஞ்சிலிருந்து பழம் வரை

பட்டாணி அளவில் நெருக்கமான கொத்துகளில் ஐந்தில் ஒரு பங்கு பிஞ்சைக் கத்தரித்து எடுங்கள். கை வராது, மனமும் வராது. எடுக்காவிட்டால் உள்ளே இருக்கும் காய் நசுங்கி வெடித்து, அந்தச் சாற்றில் முழுக்கொத்தும் அழுகும்.

பன்னீருக்கென்றே உள்ள குறை, ஒரே கொத்தில் கறுப்பும் பச்சையும் கலந்து நிற்பது. பாரம் அதிகமாவதும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவதும் இதைக் கூட்டும். பிஞ்சு பிடித்த 20ஆம் நாளும் 40ஆம் நாளும் 0.2 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு, அதாவது லிட்டருக்கு 2 கிராம், தெளிப்பது இதைக் குறைக்கும். சாம்பல் சத்து உரத்திலும் பாதியைக் கவாத்து முடிந்ததும், மீதியை 60ஆம் நாளும் கொடுங்கள்.

அறுவடை

திராட்சை பறித்த பிறகு பழுக்காது. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள், கறுத்த பிறகும் சில நாள் புளிப்பு நிற்கும். இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் கொத்தின் நுனிக்காயைப் பாருங்கள், கடைசியில் பழுப்பது அதுதான். இனிப்பின் அளவு 16 பிரிக்ஸுக்குக் கீழே இருந்தால் காத்திருங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரை நிறுத்துங்கள். அப்போது விட்டால் இனிப்பு நீர்க்கும், காய் வெடிக்கும். வெயில் ஏறுமுன் காம்பைப் பிடித்து வெட்டுங்கள், பழத்தின் மேலிருக்கும் சாம்பல் பூச்சில் விரல் படக் கூடாது. கழுவ வேண்டாம். பன்னீரின் தோல் மெல்லியது, காயும் எளிதில் உதிரும், ஆகவே பெட்டியில் ஒரே அடுக்கு.

பழம் போனதும் அடுத்த கவாத்துக்கு ஓடாதீர்கள். சில வாரம் இலையோடு விட்டால் கொடி மாவுச்சத்தைத் தண்டிலும் வேரிலும் சேர்த்துக்கொள்ளும். இரண்டு வருடத்தில் ஐந்து போகம் எடுக்கும் தோட்டங்கள் இருக்கின்றன. ஆனாலும் அடுத்து வெட்டும்போது நான்காம் கணு வரை குச்சி பழுப்பாக முதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்குமேல் பச்சையாக இருந்தால் அந்தப் போகத்தைத் தள்ளிப்போடுங்கள்.