பீட் மண்ணில் வாயு அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து ராஜா மூசா சதுப்புக் காட்டுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் வாயு அளக்கக் கிளம்பும் புதுப் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வருகிற ஆள் வேறு, செய்கிற தவறு பழையதுதான். சிரிஞ்சில் எண் எழுத மறப்பதெல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

சேம்பர் ஓரத்தில் கால் வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். மண்ணிலிருந்து வரும் வாயுவைப் பிடிக்க மண்மேல் கவிழ்த்து மூடும் பெட்டிதான் சேம்பர். அதற்குள் வாயு நேரத்தோடு ஏறும் வேகத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். பாதி மக்கிய மரமும் வேரும் நீரில் ஊறிக் கிடப்பதுதான் பீட். ஓர் ஆள் நின்றாலே அமுங்கும். நீர்மட்டத்துக்குக் கீழே, ஆக்சிஜன் இல்லாத இடத்தில், நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது மெல்ல மேலே வரும்போது, காற்றுப் படும் மேல்மண்ணிலுள்ள வேறு பாக்டீரியாக்கள் அதில் பெரும்பகுதியைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக்கிவிடும். தின்றது போக மிச்சம்தான் சேம்பருக்குள் வருகிறது.

காலை ஊன்றினால் அடியில் தேங்கிய குமிழிகள் தின்பதற்கு நேரமே கொடுக்காமல் ஒரே மூச்சில் மேலே ஏறிவிடும். ஒரு மாணவி கொண்டுவந்த தாளில், மூடியவுடன் எடுத்த முதல் மாதிரியே உச்சத்தில் இருந்தது. அடுத்த மூன்றும் ஏறாமல் அப்படியே கிடந்தன.

“எங்கம்மா உட்கார்ந்து எடுத்தே?”

“சேம்பர் ஓரத்துலதான் சார்.”

ஓராண்டு மீத்தேன் கணக்கு அத்தோடு போயிற்று. முதல் புள்ளியை மட்டும் நீக்கிவிடலாமா என்று கேட்டாள். கூடாது. குமிழி தானாகவும் வரும், அதுவும் உண்மையான வெளியேற்றமே. எது காலால் வந்தது, எது தானாக வந்தது என்று அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

சேம்பரைப் பொருத்த மண்ணில் பதிக்கும் வளையமான காலரைப் பதிப்பதற்கு முன்பே பலகைப் பாதை போடுங்கள். பலகை பீட்டின்மேல் படுத்திருக்கக் கூடாது, ஆழமாக அடித்த கட்டைகள்மேல் நிற்க வேண்டும். நீளக் குழாய் வைத்துத் தள்ளி இருந்தே மாதிரி எடுங்கள். பலகைக்குக் காசில்லை என்றால் அந்தத் திட்டத்தில் மீத்தேன் அளக்கவே வேண்டாம்.

வேரின் மூச்சை மண் கணக்கில் எழுதுவது

செம்பனை அடியில் வரும் கார்பன் டை ஆக்சைடில் உயிருள்ள வேர் விடுவதும் சேர்ந்திருக்கும். முழுவதையும் பீட் சிதைந்த கணக்கில் எழுதாதீர்கள். சுற்றிலும் பள்ளம் வெட்டி வேரைத் துண்டித்த இடத்திலும் அளங்கள். வெட்டுண்ட வேர் மக்கி முடியும்வரை பொறுங்கள்.

உரத் தேதி கேட்காமல் போவது

யூரியா போட்டபின் நைட்ரஸ் ஆக்சைடு எகிறி, பிறகு தணியும். மாதம் ஒருமுறை போனால் அது கண்ணில் படாமலே போகலாம். நூறாண்டுக் கணக்கில் இந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு வெப்பமூட்டும். அதைச் சாதாரண நைட்ரஜனாக்கும் கடைசிப் படியையும் பீட்டின் புளிப்பு தடுக்கிறது. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் உரம் போட்ட தேதி கேளுங்கள்.

நீர்மட்டம் குறிக்காமல் வருவது

அது இல்லாத தாளை நான் படிப்பதில்லை.