மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை: புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியது

வெளிநாட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் யாருமே ஒரே நெட்டில் இருப்பதில்லை. விமான நிலைய வைஃபை, தங்கும் விடுதி வைஃபை, புது சிம், தெரிந்தவர் வீட்டு இணைப்பு, கடைசியாக நம் பெயரில் வரும் பிராட்பேண்ட். வேலைக்கான பதில், சான்றிதழ் நகல், வாடகை ஒப்பந்தம் என்று தாமதிக்கவே கூடாத மெயில்களை அனுப்ப வேண்டியிருப்பதும் இதே வாரங்களில்தான்.

நான் வந்த புதிதில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து லேப்டாப்பிலிருந்து அனுப்பினேன். புது மெயில்கள் வந்துகொண்டே இருந்ததால் சந்தேகமே வரவில்லை. மூன்று நாள் கழித்து வீட்டுக்காரர் போன் செய்து, "இன்னும் அனுப்பலையா?" என்று கேட்ட பிறகுதான் அவுட்பாக்ஸைத் திறந்தேன். ஒப்பந்தத்தோடு சேர்த்து நான்கு மெயில்கள் அப்படியே கிடந்தன.

காரணம் இதுதான். மெயில் வருகிற வழி வேறு, போகிற வழி வேறு. வருவது ஐமேப் முறையில், பெரும்பாலும் 993 என்ற போர்ட் (இணைப்புகள் போய்வர எண்ணிட்டு வைத்திருக்கும் வாசல்) வழியாக. போவது எஸ்எம்டிபி முறையில். 1982-இல் அந்த முறையை வகுத்தபோது அனுப்புகிறவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் இல்லை. எல்லாம் 25-ஆம் போர்ட் வழியாகவே போனது. பிறகு வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகளிலிருந்து ஸ்பேம் குவியத் தொடங்கியதும், பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் 25-ஐ அடைத்துவிட்டன. என் லேப்டாப்பில் வெகுகாலம் முன்பு போட்ட செட்டிங் அந்த 25-தான். பழைய நெட்டில் விட்டார்கள், புது நெட்டில் விடவில்லை.

சரி செய்வது சுலபம். மெயில் செயலியின் செட்டிங்ஸில் வெளியே போகும் சர்வருக்கான பகுதியைத் திறந்து, போர்ட்டை 587 என்று மாற்றி, பாதுகாப்பு என்ற இடத்தில் ஸ்டார்ட்டிஎல்எஸ் (STARTTLS) என்ற குறியாக்க முறையைத் தேர்ந்தெடுங்கள். பயனர் மெயிலைத் தன் சர்வரிடம் ஒப்படைப்பதற்கென்றே 1998-இல் ஒதுக்கிய போர்ட் அது. 465-ஐயும் போடலாம்; அதற்கு எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ் என்று இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் இணைப்பே கிடைக்காது.

அதே பக்கத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வெளியே போகும் சர்வருக்கு லாகின் தேவையில்லை என்று இருந்தால், தேவை என்று மாற்றி, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். பழைய இணைய நிறுவனம் தந்த மெயில் முகவரியை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள். அந்த நிறுவனத்தின் நெட்டிலேயே இருந்தவரை லாகின் இல்லாமலே அந்த சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது. வெளியிலிருந்து வரும்போது நீங்கள் அதற்கு அந்நியர். 'ரிலே மறுக்கப்பட்டது', அதாவது உங்கள் மெயிலை அடுத்த இடத்துக்குக் கடத்த மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஜிமெயில் வைத்திருப்பவர்கள் வேறு செயலியிலிருந்து அனுப்பினால் சாதாரண பாஸ்வேர்டு செல்லாது. கூகுள் பக்கத்தின் வழியாக உள்நுழைய வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய செயலி என்றால், இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, அதற்கென்று 16 எழுத்துத் தனி பாஸ்வேர்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த நெட்டில் இருக்கிறோமோ அந்த நிறுவனத்தின் எஸ்எம்டிபி சர்வரைப் போட்டுக்கொள் என்று சிலர் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது சரியான யோசனைதான். இப்போது வேண்டாம். ஒரு டொமைனின் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பகுதி) பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியலை அதன் உரிமையாளர்களே வெளியிடுகிறார்கள். எஸ்பிஎஃப் என்பது அதுதான். பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து உங்கள் மெயில் போனால், பெறுகிற பக்கம் அதை ஸ்பேமில் தள்ளலாம், அல்லது வாங்கவே மறுக்கலாம். நெட் எதுவாக இருந்தாலும், உங்கள் முகவரி எந்தச் சேவையில் இருக்கிறதோ அதன் சர்வர் வழியாகவே அனுப்புங்கள்.

அவசரமா? பிரவுசரில் மெயிலைத் திறந்து அங்கிருந்தே அனுப்பிவிடுங்கள். அது சாதாரண இணையப் பக்கங்கள் போகும் 443 வழியாகப் போவதால் இந்த அடைப்பு அதைத் தொடாது.

விடுதி, விமான நிலைய வைஃபையில் முதலில் பிரவுசரைத் திறந்து அவர்களுடைய அனுமதிப் பக்கத்தை முடித்துவிடுங்கள். அதற்கு முன் மெயில் செயலியைத் திறந்தால் சில சமயம் சர்வரின் சான்றிதழ் (அது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளம்) சரியில்லை என்ற எச்சரிக்கை வரும். 'பரவாயில்லை, தொடரவும்' என்று மட்டும் அழுத்திவிடாதீர்கள். நடுவில் வேறு யாரோ இருந்தால் உங்கள் பாஸ்வேர்டு நேராக அவர்கள் கைக்குப் போய்விடும்.

அப்புறம் ஓடிபி. புது நாட்டிலிருந்து உள்நுழைந்தால் மெயில் சேவை சந்தேகப்பட்டுப் பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும்; அந்த சிம்மோ வேலை செய்யாமல் இருக்கும். கிளம்புவதற்கு முன்பே ஒரு அத்தென்டிகேட்டர் செயலியை இணைத்துவிடுங்கள். அது பெரும்பாலும் 30 வினாடிக்கு ஒரு குறியீட்டை போனிலேயே உருவாக்குவதால் சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். போனில் நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். கூகுள் தரும் 8 இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்தையும் காகிதத்தில் எழுதி, போன் இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள்.

புது பிராட்பேண்டோடு இலவச மெயில் முகவரி தந்தால் அதை எந்த முக்கியமான இடத்திலும் கொடுக்காதீர்கள். வந்த புதிதில் வீடு மாறுவோம், நெட் நிறுவனமும் மாறும். அந்த முகவரி நம்மோடு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒவ்வொரு புது நெட்டிலும் முதல் வேலையாக உங்களுடைய வேறொரு முகவரிக்கு ஒரு வரி மெயில் அனுப்புங்கள். அவுட்பாக்ஸ் காலியாகிவிட்டதா, மெயில் அங்கே போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது இன்பாக்ஸிலா ஸ்பேமிலா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஒப்பந்தத்தை அனுப்புங்கள்.