தெருவுக்கு ஒரு பொதுப் பட்டறை: சேலத்தில் தொடங்குவது எப்படி?

ஆஸ்திரேலியாவில் 'மென்ஸ் ஷெட்' என்று ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெற்றவர்கள் கொட்டகையில் கூடி மரவேலை, ரிப்பேர் என்று எதையாவது செய்வார்கள். பேச்சுத்துணை தானாக வரும். 2007இல் இவற்றுக்குத் தேசியச் சங்கமே அமைந்துவிட்டது. உருக்காலை, ரயில்வே, விசைத்தறி, கொலுசுப் பட்டறை என்று கைவேலை தெரிந்தவர்கள் நிறைந்த சேலத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். ஆண்களோடு நிறுத்தாதீர்கள். தையல் மெஷினைப் பிரித்து மாட்டத் தெரிந்த அக்காக்களும் வரட்டும்.

முதலில் இடம். வாடகைக்குப் பிடித்தால் கட்டணம் வைக்க வேண்டிவரும், கூட்டம் கலையும். அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் ஓடாமல் கிடக்கும் தறிக்கூடம் எதையாவது கேட்டுப் பாருங்கள். குழித்தறி இருந்த இடமென்றால் குழியைப் பலகை போட்டு மூடுவதுதான் முதல் வேலை. அப்புறம் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்து, மின்கசிவு வந்தால் சட்டென்று மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி (30 மில்லிஆம்பியர்) மாட்டுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கட்டிங் பிளேயர், ஸ்பேனர், ரம்பம் எல்லாம் வீடுகளிலேயே இருக்கும். மல்டிமீட்டர் மட்டும் வாங்குங்கள். எலக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே சீரிஸ் போர்டு ஒன்றும் செய்துகொள்ளுங்கள்: லைன் வயரில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்த பிளக் பாயின்ட். பழுதான ஃபேனை இதில் செருகி சுவிட்சைப் போட்டால், பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது.

முதல் வேலைக்கு சீலிங் ஃபேன்தான் நல்லது. குச்சியால் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றுகிறதா? பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, பிளாஸ்டிக் பிடி போட்ட திருப்புளியால் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டு, மிச்ச சார்ஜை இறக்கிய பிறகே கை வையுங்கள். பழையதில் அச்சிட்டிருக்கும் அளவையே, பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், வாங்கி மாட்டுங்கள்.

பொருளைக் கொண்டுவந்தவர் கூடவே உட்கார வேண்டும். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய 'ரிப்பேர் கஃபே'யிலும் இதே முறைதான். கொடுத்துவிட்டுப் போய் சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்றால் அது இலவசக் கடையாகிவிடும், தெருமுனை மெக்கானிக் பிழைப்பும் கெடும். காயில் கட்டுவது மாதிரி வேலைகளை அவரிடமே அனுப்புங்கள்.

புதிதாக வருபவரிடம் குடும்பக் கதை கேட்காதீர்கள். கலந்து கிடக்கும் ஸ்க்ரூ டப்பாவைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பையன் பெங்களூரில், வீட்டில் தனியாள் என்பதெல்லாம் பாதி டப்பா முடிவதற்குள் அவரே சொல்லிவிடுவார். 'நகருப்பா, நான் பார்க்கிறேன்' என்று அடுத்தவர் கையிலிருந்து பிடுங்கும் ஒரு பெரியவரும் கட்டாயம் இருப்பார். அவரைப் பகைத்துக்கொள்ளாமல், வாயால் சொல்லித்தரும் வேலையைக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம், நடுவில் டீ, செலவுக்கு உண்டியல். இது போதும். வெல்டிங்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாவி மட்டும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் அடுத்த வாரம் வருவது சந்தேகம்.