உதவித்தொகைக் கணக்கில் நான் விழுந்த குழிகள்

சென்ற வாரம் முதுகலை மாணவர்கள் இருவர் ஆய்வுத் திட்டத்தோடு வந்திருந்தார்கள். வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு நிதியுதவியை எப்படிப் பங்கிடுகிறது என்பது தலைப்பு. கேள்வித்தாளைப் புரட்டினேன். பல வருஷத்துக்கு முன் நான் எழுதியதையே யாரோ படியெடுத்தது போல இருந்தது. மாதிரி அளவு, மேற்கோள் பிழை எல்லாம் நெறியாளர் பார்த்துக்கொள்வார். அவர் கண்ணில் படாதவை மட்டும் இங்கே.

பல்கலைக்கழகமே கொடுக்கிறது என்று நினைப்பது

பல்கலைக்கழகத்தின் சேர்க்காட்டு வளாகத்தில் உட்கார்ந்து பணத்தைத் தேடினால் கிடைக்காது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையுடையது. பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கு வேறு துறை. மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் சமூக நலத்துறை வழியாக வருகிறது. கல்லூரி பெரும்பாலும் விண்ணப்பத்தைச் சரிபார்த்து மேலே அனுப்பும் இடம்தான். ஆகவே முதலில் சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறுங்கள்.

“ஸ்காலர்ஷிப் வருதா?” என்று மட்டும் கேட்பது

குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை பெறும் பொறியியல் மாணவர் “இல்லை” என்பார். அந்தப் பணம் அவர் கைக்கு வருவதில்லை, கட்டணத்திலேயே கழிந்துவிடுகிறது. திட்டங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நிதியாண்டையும் கல்வியாண்டையும் குழப்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே வரி கேட்டேன்: “கடந்த மூன்று ஆண்டுகளில் வழங்கப்பட்ட உதவித்தொகை எவ்வளவு?” பதில் வந்தது. மூன்றில் நடு ஆண்டின் தொகை பாதியாகச் சரிந்திருந்தது. அடுத்த ஆண்டு எகிறியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘நிதி வெட்டு’ என்று ஒரு அத்தியாயமே எழுதி, கருத்தரங்கில் வாசித்தேன். பின்வரிசையில் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் எழுந்தார். “தம்பி, இது மார்ச் கணக்கா, ஜூன் கணக்கா?”

மார்ச்சோடு முடியும் நிதியாண்டுக் கணக்குதான், ஜூனில் தொடங்கும் கல்வியாண்டுக் கணக்கு அல்ல. அந்த நடு ஆண்டுக்கான பில் கருவூலத்தில் பாஸானது ஏப்ரலுக்குப் பிறகு. பணம் அடுத்த நிதியாண்டில் ஏறிவிட்டது. வெட்டும் இல்லை, பெருக்கமும் இல்லை, வெறும் நிலுவை. எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போனது. அலுவலகம் தந்த பதிலில் ஒரு பைசா தப்பில்லை, தப்பு என் கேள்வியில்.

இப்போது சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. பட்டியலின மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய, மாநிலப் பங்கு 2020-21 முதல் 60:40. மத்திய அரசின் பங்கு நேராக மாணவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஒரே மாணவிக்கு இரண்டு வரவு, இரண்டு தேதி. வரவுகளை எண்ணினால் ஒருத்தி இருவராகிவிடுவாள். அவளே புதுமைப்பெண்ணும் வாங்கினால் மூவர்!

எனவே ஒரு கல்வியாண்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பித்தவர் எத்தனை, ஒப்பளிப்பு, அதாவது தொகைக்கு அனுமதி, பெற்றவர் எத்தனை, வங்கியில் வரவானவர் எத்தனை, எந்தத் தேதியில்? புதியதும் புதுப்பித்தலும் தனித்தனியாக வேண்டும். ஒப்பளிப்பு ஆணையைக் காட்டிப் பணம் போய்ச் சேர்ந்ததாக எழுதாதீர்கள். ஆணை வேறு, பாஸ்புக் வேறு.

“ஏன்” என்று தகவல் உரிமை மனுவில் கேட்பது

கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள்.

பெயர்ப் பட்டியல் கேட்பது

மறுப்பார்கள். எண்ணிக்கை போதும்.

பழைய வேலூரை மறப்பது

2019 நவம்பரில் மாவட்டம் மூன்றானது. ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் கூட்டாமல் முன்பின் ஒப்பிட்டால், பயனாளிகள் பெருவாரியாகக் காணாமல் போனது போலத் தெரியும். பல்கலைக்கழகத்துக்கும் இதே கதைதான்: விழுப்புரம், கடலூர் பக்கக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டன.

வகுப்பறையில் மட்டும் படிவம் கொடுப்பது

வந்திருப்பவர்களில் பலருக்குப் பணமும் வந்திருக்கும். ஒருமுறை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்திருந்த பெயர்களைத் தேடி ஒடுகத்தூர் பக்கம் போனேன். ஒரு பெண் தன் பாஸ்புக்கை எடுத்து வந்து காட்டினாள். கணக்கில் ஆதார் இணைக்கவில்லை, அதனால் பணம் ஏறவேயில்லை. அதற்குள் அவள் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். கல்லூரியின் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘ஒப்பளிக்கப்பட்டது’ என்று இருந்தது.