சிட்னியில் பழைய வீடு வாங்குகிறீர்களா? சுரண்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

விடுமுறைக்கு வந்து தேவகோட்டை வீட்டு வளவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பத்தடி தள்ளி ஆசாரி ஒருவர் தூணில் அப்பியிருக்கும் நீலப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே பர்மா தேக்கு. செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பழைய வீடு என்றாலே இந்த நினைப்புதான்: மேலே கிடப்பதை எடுத்தால் கீழே அதைவிட நல்லதாக ஒன்று இருக்கும். டிஸ்டெம்பருக்குக் கீழே முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, லினோலியத்துக்குக் கீழே ஆத்தங்குடிக் கல். அதே நினைப்போடு சிட்னியில் சுரண்டியில் கை வைத்துத்தான் ஆஸ்பெஸ்டாஸிடம் மாட்டிக்கொண்டேன்.

வீடு வாங்கும் நடைமுறையை நான் விளக்கத் தேவையில்லை. வங்கிக் கடன், வக்கீல், கட்டட அறிக்கை, கரையான் அறிக்கை எல்லாவற்றையும் தரகரே விரட்டி விரட்டி முடிக்க வைத்துவிடுவார். ஒன்று மட்டும்: அந்தக் கட்டட அறிக்கையில் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை பொதுவாகச் சேராது. ‘பெரிய குறை இல்லை’ என்று எழுதியிருந்ததை நான் ‘வீடு சுத்தம்’ என்று படித்துக்கொண்டேன். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை வந்ததே 2003 டிசம்பர் 31 அன்றுதான். 1990க்கு முன்னால் கட்டிய வீடு என்றால், இல்லை என்று சோதனை சொல்லும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றால் மாட்டுக்கொட்டகை மேல் நெளிநெளியாகக் கிடக்கும் ஷீட். அங்கே பல வீடுகளில் சுவரே அதுதான். ஃபைப்ரோ என்பார்கள், பெயின்ட் அடித்திருப்பதால் அடையாளம் தெரியாது. குளியலறை டைலுக்குப் பின்னால், கூரை விளிம்புக்கு அடியில், மீட்டர் பெட்டிப் பலகையில், வேலியில் என்று எங்கேயும் இருக்கும். இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்டு ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். என்னைக் கவிழ்த்தது சமையலறைத் தரை.

அறுபதுகளில் கட்டிய வீடு. தரையில் பழைய வினைல் விரிப்பு, ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. இழுத்தேன், பாய் மாதிரி உரிந்து வந்தது. கீழே பலகைத் தரை தெரிகிறது! அதன்மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் அட்டை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய காகிதம் என்று நினைத்துப் பட்டித் தகட்டால் சுரண்டினேன். போகாத இடத்துக்கு வாடகைக்கு எடுத்த மெஷினைப் போட்டுத் தேய்த்தேன். வீடெல்லாம் தூசி. நாம்தான் சுத்தக்காரர்களாயிற்றே, அந்தத் தூசியை வீட்டு வேக்குவம் கிளீனரால் அறை அறையாக உறிஞ்சினேன்.

மூன்றாம் நாள் வந்த பிளம்பர் வாசற்படியைத் தாண்டவில்லை. தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

விஷயம் இதுதான். ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் சிமென்ட்டோடு இறுகிக் கிடக்கும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அந்த வகையை 10 சதுர மீட்டர் வரை உரிமம் இல்லாமல் எடுக்கலாம். வினைலின் அடியில் இருந்த அந்த அட்டை முக்கால்வாசிக்கு மேல் வெறும் ஆஸ்பெஸ்டாஸ் நார். விரலால் நசுக்கினாலே உதிரும், மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். அதில் ஒரு சாண் எடுப்பதற்குக்கூட ‘ஏ’ வகுப்பு உரிமம் உள்ள ஆள்தான் வர வேண்டும். சாதாரண வேக்குவம் அந்த நாரைப் பிடித்து வைக்காது, பின்பக்கமாக ஊதிவிடும். ஒரு அறையோடு போயிருக்க வேண்டியதை நான் நான்கு அறைகளுக்கும் பரப்பியிருந்தேன்.

அப்புறம் என்ன, வீட்டைப் பூட்டி, உரிமம் உள்ளவர்கள் வந்து, காற்றைச் சோதித்துச் சான்றிதழ் தரும்வரை வெளியே வாடகைக்கு இருந்தோம். கார்ப்பெட், மெத்தை, சோபா எல்லாம் போயிற்று. ஆத்தா கொடுத்தனுப்பிய இரண்டு கண்டாங்கிச் சேலைகளும் கழிவை அள்ளிய பிளாஸ்டிக் பைக்குள் போயின. மொத்தச் செலவுக்கு ஒரு கார் வாங்கியிருக்கலாம். இத்தனைக்கும், நகக்கண் அளவு துண்டைத் தண்ணீர் தெளித்து வெட்டி, இரண்டு பைக்குள் போட்டு, நாட்டா (ஆஸ்திரேலியாவில் ஆய்வகங்களுக்குச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் நூறு டாலருக்குள் முடிந்திருக்கும். அதைத் தொடாமல் மேலேயே புதுத் தரை போட்டிருந்தால் இன்னும் நல்லது.

“ஊரில் ஷீட்டுக்கு அடியில்தானே வளர்ந்தோம், என்ன ஆகிவிட்டது?” என்று கேட்க ஒரு ஆள் கட்டாயம் வருவார். உடையாத ஷீட் சும்மா இருக்கும், உடைத்து அறுத்தால்தான் ஆபத்து. நோய் வருவதென்றாலும் பெரும்பாலும் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் வரும். என் கணக்கு இன்னும் முடியவில்லை. குடும்ப டாக்டர் ஃபைலில் தேதி போட்டு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்.

பெயின்ட்டும் அப்படித்தான். 1970க்கு முன் அடித்ததில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பெயின்ட்டை நனைக்காமல் தேய்க்காதீர்கள், சூட்டுக் காற்றடித்து உரிக்காதீர்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடியும்வரை அங்கே இருக்க வேண்டாம்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? இந்தியாவில் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். இந்த நீலம் என் ஐயா காலத்தது. ஆசாரியிடம் போய், தண்ணீரில் நனைத்து உப்புத்தாள் போடுங்கள், முகத்துக்கு இதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சிட்னியிலிருந்து கொண்டுவந்த, நுண்தூசியைத் தடுக்கும் பி2 மாஸ்க்கை நீட்டினேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “துண்டு இருக்கு தம்பி” என்றார்.