ஹொய்சாளர் ஊருங்கள அவசரமில்லாம பாக்கணும்னா

பெங்களூர்ல நம்ம ஆளுங்க நிறைய பேர் ஹொய்சாள ராஜாக்கள் காலத்து கோயில் இருக்குற பேலூர், ஹளேபீடு ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு விடியகாலை கார எடுத்து, வழியில சிரவணபெளகொளா மலையும் ஏறி இறங்கி, ராத்திரி வந்து படுத்துடறாங்க, அப்புறம் என்ன பாத்தீங்கன்னு கேட்டா ஒண்ணும் ஞாபகம் இருக்கறதில்ல. அப்படி போகாதீங்க ப்ளீஸ். ஹாசன்ல ரெண்டு ராத்திரி தங்குங்க, யஷ்வந்த்பூர்ல இருந்து ட்ரெயினே இருக்கு, அங்க போய் வண்டி பேசிக்கலாம்.

முதல் நாள் காலைல பேலூர். 1117ல ஹொய்சாள ராஜா விஷ்ணுவர்தனன் எடுத்த கோயில், இன்னிக்கும் பூஜை நடக்குது, அதனால மத்தியானம் சந்நிதி சாத்தறதுக்குள்ள உள்ள போயிடுங்க. உள்ள நல்ல இருட்டு, டார்ச் எடுத்துட்டு போங்க. தூண் எல்லாம் கடைசல் புடிச்ச மாதிரி வளையம் வளையமா இருக்கும். நம்ம பாட்டி வீட்டு கல்சட்டி இருக்கே, கிட்டத்தட்ட அந்த மாக்கல் வகைதான், வெட்டுறப்ப மெத்துனு இருந்து காத்து பட பட இறுகிடும், அதான் நகை நட்டு வரைக்கும் அவ்ளோ நுணுக்கமா செதுக்க முடிஞ்சது.

ஹளேபீடு 16 கிலோமீட்டர்தான், ஆனா அத சாயங்காலத்துக்கு வைங்க. கோயில் கிழக்கு பாத்தது, பெரிய சிற்பமெல்லாம் பின்பக்க மேற்கு சுவத்துல இருக்கு, மூணு மணிக்கு மேல வெயில் சாஞ்சு விழறப்பதான் அதுக்கு உயிர் வரும். சாக்ஸ் போட்டுக்கோங்க, நான் ஒரு தடவை உச்சி வெயில்ல வெறுங்கால்ல சுத்தி பாதம் பொத்துப்போச்சு. கீழ் வரிசைல இருந்து ஆரம்பிச்சு வலமா போங்க: யானை வரிசை, சிங்கம், பூங்கொடி, குதிரைக்காரங்க, அதுக்கு மேல ராமாயணம் மகாபாரதம். ராவணன் கைலாசத்த தூக்குற சிற்பத்துக்கிட்ட மட்டும் பத்து நிமிஷம் நில்லுங்க, மலைக்குள்ள இருக்குற மிருகங்கள ஒண்ணொண்ணா தேடி பாருங்க. இந்த ஊர்தான் பழைய துவாரசமுத்திரம், 1311ல டெல்லி சுல்தானோட தளபதி மாலிக் காபூர் படை வந்து சூறையாடின ஹொய்சாளர் தலைநகரம். பக்கத்துல பஸ்திஹள்ளி சமண பசதிக்கு, அதாவது சமணர் கோயிலுக்கு, யாரும் போறதில்ல, அங்க தூண்ல நம்ம மூஞ்சியே தெரியற அளவுக்கு பளபளப்பு, கண்டிப்பா போங்க.

ரெண்டாம் நாள் சின்ன ஊருங்க. தொட்டகத்தவள்ளில ஏரிக்கரையோரம் நாலு சந்நிதி உள்ள லட்சுமி கோயில், ராஜா கட்டுனதில்ல, ஒரு வியாபாரியும் அவர் மனைவியும் கட்டுனது, எனக்கு மொத்தத்துலயே பிடிச்சது இதுதான். மோசளேல ஒண்ணுபோல ரெண்டு கோயில்.

சோமநாதபுரத்த இதுல சேக்காதீங்க, அது மைசூர் பக்கம், தனியா ஒரு நாள் வைங்க. 1258ல கட்டுனது. அங்க சிலைக்கு கீழ பீடத்துல மல்லிதம்மன்னு செதுக்குனவர் பேரே பழைய கன்னடத்துல வெட்டியிருக்கும், குனிஞ்சு டார்ச்ச சைடுல இருந்து அடிச்சு பாருங்க, எழுத்து மேல எழும்பி வரும்.