மணல் குழாயில் ஒரு எண்ணெய் வயல்: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

தனுஷ்கோடிப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் தண்ணீர் மொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாலு சிரட்டை மொண்டதும் ஊற்று வற்றிவிடும், கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஊறும். அடியில் குளம் எதுவும் கிடையாது, மணலுக்கு நடுவே இருக்கிற தண்ணீர்தான் கசிந்து வருகிறது, மணல் விடுகிற வேகத்துக்கு மேல் நம்மால் எடுக்க முடியாது. பூமிக்கடியில் எண்ணெய் இருப்பதும் இப்படித்தான். எங்கள் ராமநாதபுரம் பக்கத்து வழுதூர் மின்நிலையத்துக்கு வரும் எரிவாயுகூடப் பாறையின் நுண்துளைகளிலிருந்து வருவதுதான். வாயு லேசானது, சுலபமாக வந்துவிடும். எண்ணெய் அப்படி வராது, பெரும்பகுதி பாறையிலேயே தங்கிவிடும். அது ஏன் தங்குகிறது, எப்படிக் கிளப்புகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தச் சோதனை.

வேண்டியவை: 2.5 செ.மீ உள்விட்டமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கொசுவலைத் துண்டு, கிளாம்ப், மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட், 20 மில்லி சிரிஞ்ச், அளவுக் குவளை. மீன்தொட்டி மோட்டார் வேண்டவே வேண்டாம், அதன் வேகத்தை அடக்க முடியாது. டிரிப் செட்டில் இருக்கும் உருளையைத் திருகினால் சொட்டுச் சொட்டாகக்கூட விடலாம். 50 மில்லி சிரிஞ்ச் வாங்கினால் அழுத்தும்போது கை வலிக்கும், இணைப்பும் பிய்த்துக்கொள்ளும்.

எண்ணெய்க்கு நிறம் வேண்டுமே, அதற்கு நம்ம ஊர் முண்டு மிளகாயே போதும். கடலை எண்ணெயை இளஞ்சூட்டில் வைத்து மிளகாய்த் தூள் இரண்டு கரண்டி போட்டு, ஆறியபின் துணியில் இரண்டு தடவை வடிகட்டினால் இரத்தச் சிவப்பாக வரும். மிளகாயின் நிறம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் இறங்காது, அதனால் குழாயில் எது எண்ணெய், எது தண்ணீர் என்று தெளிவாகத் தெரியும். கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள்.

மணலைச் சலித்து, சிப்பித் துண்டுகளை எடுத்துவிட்டு, நாக்கில் உப்புக் கரிக்காத வரை கழுவுங்கள்.

இப்போது குழாயில் மணல் நிரப்புவது. நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் உலர்ந்த மணலைக் கொட்டி, மேலே தண்ணீர் விட்டேன். முதல் அளவீட்டில் நிமிடத்துக்கு 12 மில்லி வந்தது, ஒரு மணி நேரத்தில் 8, சாயங்காலம் 4. மணலில் களிமண் இருக்கிறது என்று நினைத்து எல்லாவற்றையும் கொட்டி மறுபடி கழுவினேன், அப்போதும் அதே கதை. மூன்றாம் நாள் ராத்திரி டார்ச்சைக் குழாயின் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மணிகளுக்கு நடுவே வெள்ளிப் பொட்டு மாதிரி காற்றுக் குமிழிகள். ஒரு குமிழி ஒரு துளையின் வாயில் உட்கார்ந்துவிட்டால் தண்ணீரின் சின்ன அழுத்தம் அதை நகர்த்தாது, அந்த வழி அடைபட்டதுதான். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் நேரம் ஆக ஆகக் குமிழியாகச் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிடுங்கள். குழாயின் அடியில் கொசுவலை கட்டி, முழுக்க அந்தத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, ஈர மணலைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் குழாயை ஸ்பூனால் தட்டுங்கள். மணல் இறங்க இறங்க வழியும் தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். என் 30 செ.மீ நீளத்துக்கு மொத்தக் கொள்ளளவு 147 மில்லி, வழிந்தது 90, அப்படியானால் துளைகளில் இருப்பது 57. நுண்துளைமை ஏறக்குறைய 39 விழுக்காடு.

அடுத்து ஊடுருவுத்திறன், அதாவது மணல் திரவத்தை எவ்வளவு சுலபமாகத் தன் வழியே விடுகிறது என்பது. 1856இல் பிரான்சின் டிஜோன் நகரில் பொறியாளர் ஹென்றி டார்சி, ஊர்த் தண்ணீர் விநியோக வேலையின்போது மணல் நிரப்பிய குழாயில் கண்ட விதிதான் இன்றும் எண்ணெய்த் துறைக்கு அரிச்சுவடி. தண்ணீர் பாட்டிலின் மட்டம் வெளிவாயைவிட 60 செ.மீ உயரத்தில் இருக்கட்டும், அது 0.058 வளிமண்டல அழுத்தம். எனக்கு நொடிக்கு 0.2 மில்லி வந்தது. அதை நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணீரின் பாகுநிலையான (எவ்வளவு கெட்டி என்பதன் அளவு) 0.8ஆல் பெருக்கி, நீளம் 30ஆல் பெருக்கி, குறுக்குப்பரப்பு 4.9ஆலும் அழுத்தத்தாலும் வகுத்தால் சுமார் 17 டார்சி, அவர் பெயரிலேயே வைத்த அலகு. எண்ணெய்ப் பாறையில் 0.1 டார்சி இருந்தாலே நல்ல பாறை என்பார்கள்.

சரி, இப்போது எண்ணெய். லேசானது என்பதால் மேலிருந்து சிரிஞ்சால் மெதுவாக அழுத்துங்கள், அரைமணி நேரமாவது ஆகும். கீழே தண்ணீர் வருவது நிற்கும்வரை விடாதீர்கள். எனக்கு 45 மில்லி தண்ணீர் வெளியேறியது, அதாவது 45 மில்லி எண்ணெய் உள்ளே போயிருக்கிறது. மீதி 12 மில்லி தண்ணீர் மணியோடு ஒட்டிக்கொண்டு வராது, நிஜ வயலிலும் இப்படித்தான்.

அப்புறம் தண்ணீரைக் கீழிருந்து மேலே விடுங்கள், பாட்டிலை அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளுங்கள். காலையில் திறந்தால் மதியத்துக்குள் முடியும். முதலில் சிவப்பு எண்ணெய் மட்டும் வரும், திடீரென்று தண்ணீர் எட்டிப் பார்க்கும், அதற்கப்புறம் எண்ணெய் துளித்துளிதான். குழாயைப் பாருங்கள்: தண்ணீர் விரல் விரலாகத் தனக்கு வழி பிடித்துக்கொண்டு போயிருக்கும், பக்கத்தில் சிவப்புத் திட்டுகள் அப்படியே நிற்கும். எனக்கு வந்தது 21 மில்லி, பாதிக்கும் குறைவு. மெல்லிய தண்ணீர் கெட்டியான எண்ணெயைத் தள்ளப் போனால் சுற்றிக்கொண்டு போகத்தான் பார்க்கும்.

அதற்கு மருந்து தண்ணீரையும் கெட்டியாக்குவதுதான். கேக் சாமான் கடையில் சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் தூளைக் கேளுங்கள், லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். மொத்தமாகக் கொட்டினால் கேப்பைக் கூழில் விழுவது போலக் கட்டி விழும், கட்டி மணலை அடைத்துவிடும், கிண்டிக்கொண்டே தூவுங்கள், துணியில் வடிகட்டுங்கள். சிரிஞ்சால் கீழிருந்து செலுத்தியபோது இன்னும் 8 மில்லி வந்தது. ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் 2004இல் கண்டுபிடித்த மங்களா எண்ணெய் வயலில் பாலிமர் (சாந்தன் கம் மாதிரித் தண்ணீரைக் கெட்டியாக்கும் பொருள்) கலந்த தண்ணீரைத்தான் செலுத்துகிறார்கள். குஜராத்தின் பலோல், சாந்தால் வயல்களில் எண்ணெய் இன்னும் கெட்டி, அங்கே காற்றை உள்ளே அனுப்பிப் பாறைக்குள்ளேயே கொஞ்சம் எண்ணெயை எரித்து, அந்தச் சூட்டில் மீதியை இளக்குகிறார்கள். அதை வீட்டில் செய்யக் கூடாது.

கடைசியாகச் சோப்பு. துளைக்குள் சிக்கிய துளியைப் பிடித்துவைப்பது எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவிலான இழுவிசை, அது ஆயிரம் மடங்கு குறைந்தால்தான் துளி நழுவும். பாத்திரம் கழுவும் திரவம் அவ்வளவு குறைக்காது, ஆனாலும் சின்னச் சின்னத் துளிகள் கிளம்புவது தெரியும்.

பின்சேர்க்கை: கீழக்கரைப் பக்கமிருந்து ஒருவர், சோப்புத் தண்ணீர் விட்டதும் குழாய் மொத்தமாக அடைத்துக்கொண்டது என்று எழுதியிருந்தார். விசாரித்தால் போர் தண்ணீரில் துணி சோப்பைக் கரைத்திருக்கிறார். நம் கடற்கரைப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது தெரிந்ததுதானே, அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தயிர்த் திப்பி மாதிரித் திரண்டுவிடும். எண்ணெய் வயல்களிலும் இதே தொல்லை உண்டு, அதற்காகவே தண்ணீரை மென்னீராக்கிச் செலுத்துகிறார்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கேன் தண்ணீர். சோப்புக் கட்டி வேண்டாம், திரவமே போதும்.

முடிந்ததும் எண்ணெய் மணலைக் கடற்கரையில் கொட்டாதீர்கள். பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பை வண்டியில் போடுங்கள். என் குழாயில் இன்னும் 16 மில்லி உள்ளே இருக்கிறது, ஜன்னலோரம் நிறுத்தி வைத்திருக்கிறேன்.